டி-ஷர்ட், மக் பிரிண்டிங் ஆரம்பிக்கப் போறீங்களா? மெஷினைக் கடைசியா வாங்குங்க

வாரத்துக்கு ரெண்டு பேராவது கடைக்கு வந்து இதைக் கேட்டுட்டுப் போறாங்க, "அண்ணா, பிரிண்டிங் பண்ணலாம்னு இருக்கேன், எந்த மெஷின் வாங்கறது?" யூடியூப்ல நாலு வீடியோ பாத்திருப்பாங்க, கையில அம்பதாயிரமோ ஒரு லட்சமோ இருக்கும், மெஷின் பேரைச் சொன்னா அன்னிக்கே போய் வாங்கிருவாங்க. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், "உங்ககிட்ட இப்ப எத்தனை ஆர்டர் இருக்கு?" பெரும்பாலும் பதில் வராது.

நக்கலுக்குக் கேக்கலைங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். சப்ளிமேஷன் பிரிண்டர், மக் பிரஸ், ரெண்டு பெட்டி மக் எல்லாம் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்து வீட்டு முன்ரூம்ல வெச்சேன், முதல் மாசம் அடிச்சது மூணே மூணு மக், அதுல ஒண்ணு அக்கா பையன் பொறந்தநாளுக்கு ஓசி. அப்புறம் ஐப்பசி மழை, வேலை இல்லைன்னு மூணு வாரம் பிரிண்டரை ஆன் பண்ணவே இல்லை, திரும்ப ஆன் பண்ணும்போது இங்க் தெளிக்கற ஹெட்டு அடைச்சுக்கிச்சு, நீலமும் கருப்பும் வரவே இல்லை. ஹெட் மாத்த ஆன செலவு பிரிண்டர் விலையில கிட்டத்தட்ட பாதி. அதனால இங்க நான் சொல்ற வரிசை வீடியோல வர்ற வரிசைக்குத் தலைகீழா இருக்கும்.

முதல்ல எதுல எது ஒட்டும்னு தெரிஞ்சுக்கோங்க

இது தெரியாம ஆர்டர் எடுத்தா கஸ்டமர்கிட்ட அசிங்கப்படணும். சின்னக் கடைகள்ல நடக்கற வேலை நாலு வகை.

சப்ளிமேஷன்: ஒரு ஸ்பெஷல் இங்க்ல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, அதைப் பொருள் மேல வெச்சு 180லேர்ந்து 200 டிகிரி சூட்டுல அமுக்கறது. அந்த சூட்டுல இங்க்ல இருக்கற சாயம் ஆவியாகி பாலியெஸ்டர் நூலுக்குள்ள போயிடும், ஆறினதும் உள்ளேயே மாட்டிக்கும். அதனாலதான் தடவிப் பாத்தா பிரிண்ட் இருக்கறதே தெரியாது, துவைச்சாலும் போகாது. ஆனா இது பாலியெஸ்டர்ல மட்டும்தான் நடக்கும். காட்டன்ல அடிச்சா அன்னிக்கு ஓரளவு நல்லாத்தான் தெரியும், ரெண்டு வாஷ்ல வெளுத்துப் போய் நிக்கும். இன்னொண்ணு, இதுல வெள்ளை இங்க்கே கிடையாது, வெள்ளைங்கறது துணியோட வெள்ளைதான், அதனால கருப்பு டி-ஷர்ட்ல சப்ளிமேஷன் பண்ணித் தர்றேன்னு யாருக்கும் வாக்கு குடுத்திராதீங்க. மக்கும் அப்படியே, பாத்திரக் கடையில விக்கற சாதா கப்புல நிக்காது, மேல பாலிமர் கோட்டிங் குடுத்த சப்ளிமேஷன் மக்தான் வேணும்.

டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்): பிளாஸ்டிக் ஃபிலிம்ல கலரை அடிச்சு, அதுக்கு மேல வெள்ளை இங்க் அடிச்சு, ஈரத்தோட பசைப் பவுடர் தூவி, சூடு பண்ணி எடுத்து வெச்சுக்கறாங்க. அதை டி-ஷர்ட் மேல கவுத்து ஹீட் பிரஸ்ல, அதாவது சூடான தட்டால அழுத்தற மெஷின்ல, அமுக்கினா ஒட்டிக்கும். காட்டன், கருப்பு, சிவப்பு எதுவா இருந்தாலும் சரி. ஒரே ஒரு பீஸ் வேணும்னாலும் அடிக்கலாம். ஆனா நெஞ்சு முழுக்கப் பெரிய பேட்சா அடிச்சா ரெக்ஸின் ஒட்டின மாதிரி இருக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு வேர்த்து ஊத்தும். டிசைன்ல நடுநடுவுல இடைவெளி விட்டா அந்தத் தொல்லை குறையும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்: சட்டத்துல இழுத்துக் கட்டின வலைத்துணி (அதுதான் ஸ்கிரீன்) வழியா இங்க்கைத் துணியில இறக்கறது. திருப்பூரே இதுலதான் ஓடுது. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி ஸ்கிரீன், ஸ்கிரீன் போடற செலவு ஒரு பீஸுக்கும் அதேதான் நூறு பீஸுக்கும் அதேதான். ஒரு கணக்கு சொல்றேன், உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாத்துக்கோங்க: ஒரு கலர் ஸ்கிரீன் 400 ரூபா, அப்புறம் பீஸுக்கு 8 ரூபான்னு வெச்சுக்கோங்க, அதே டிசைன் டிடிஎஃப்ல பீஸுக்கு 40 ஆகுதுன்னா, 12 பீஸ் வரைக்கும் டிடிஎஃப்தான் லாபம், 13வது பீஸ்லேர்ந்து ஸ்கிரீன் லாபம். அதே டிசைன் நாலு கலர்னா ஸ்கிரீனுக்கே 1600 போயிடும், கணக்கு அப்படியே மாறிடும். போட்டோ மாதிரி டிசைனைச் சின்ன எண்ணிக்கையில ஸ்கிரீனுக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

வினைல்: கலர் ஷீட்டை வெட்டி ஒட்டறது. ஜெர்ஸி பின்னாடி பேரும் நம்பரும் போட இன்னும் நல்லது, மத்தபடி டிடிஎஃப் வந்த பிறகு மவுசு குறைஞ்சு போச்சு.

மெஷின் இல்லாம மூணு மாசம்

அடுத்த படி, பத்து ஆர்டர் முடிக்கற வரைக்கும் மெஷின் கடை பக்கமே போகாதீங்க. ஆர்டர் எடுக்கறது நீங்க, அடிச்சுத் தர்றது ஜாப்வொர்க் பண்றவங்க, அதாவது மெஷின் வெச்சு மத்தவங்களுக்குக் கூலிக்கு அடிச்சுக் குடுக்கறவங்க. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைல மட்டும் இல்லை, இப்ப ஓரளவு பெரிய ஊர் எல்லாத்துலயும் டிடிஎஃப் மீட்டர் கணக்குல அடிச்சுத் தர்றாங்க, வாட்ஸ்அப்ல ஃபைல் அனுப்பி ஜிபேல காசு போட்டா பார்சல்ல வந்துரும். ப்ளெய்ன் டி-ஷர்ட்டுக்கு திருப்பூர்ல வாங்கலாம், காதர்பேட்டைல சுத்தினா பத்து பீஸ் இருபது பீஸ்கூடக் கிடைக்கும், ஆனா அங்க எக்ஸ்போர்ட் மிச்சமும் கலந்து இருக்கும், இன்னிக்குக் கிடைச்ச அதே கலர் அதே துணி அடுத்த மாசம் கிடைக்கும்னு சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப ஆர்டர் வர்ற காலேஜ், கம்பெனிக்கெல்லாம் ஒரே தரத்துல ஸ்டாக் வெச்சு ஓட்டற ப்ளெய்ன் டி-ஷர்ட் சப்ளையரைப் பிடிச்சுக்கறது நல்லது. கேக்கும்போது "காட்டன் ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம், பயோவாஷ்"னு கேளுங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு, பயோவாஷ்னா என்சைம் போட்டு துணி மேல இருக்கற பிசிறை எடுக்கறது, பிசிறு இல்லாத துணியிலதான் பிரிண்ட் படிஞ்சு உக்காரும்.

சரி, ஆர்டர் எங்கேர்ந்து வரும்? இன்ஸ்டாகிராம்ல பேஜ் ஆரம்பிச்சு காத்துட்டு இருக்காதீங்க. நம்ம ஊர்ல இந்த வேலைக்கு ஒரு காலண்டர் இருக்கு. தை பொறந்தா பழனி பாதயாத்திரை குரூப் டி-ஷர்ட், பிப்ரவரி 14க்கு ஜோடி மக், மாசி பங்குனி சித்திரைல கோயில் நோம்பி (திருவிழா), கபடி டோர்னமென்ட், கூடவே காலேஜ் ஃபேர்வெல், வைகாசி ஆவணில கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட், ஆடில அம்மன் கோயில் திருவிழா, செப்டம்பர்லேர்ந்து டிபார்ட்மென்ட் சிம்போசியம். இதுல உங்களுக்குத் தெரிஞ்ச வட்டம் எதுன்னு பாருங்க. உங்க தம்பி கபடி டீம்ல இருக்கானா, உங்க சித்தப்பா கோயில் கமிட்டில இருக்காரா, அங்கேர்ந்து ஆரம்பிங்க. ஒரே ஒரு சாம்பிள் பீஸ் நல்லாப் பண்ணி, வாயில சொல்லாம கையில குடுங்க. துணியைத் தொட்டுப் பாத்தப்புறம் ரேட் பேசறதும் போட்டோவைக் காட்டி ரேட் பேசறதும் ஒண்ணு கிடையாதுங்க.

இந்த மூணு மாசத்துல இன்னொரு விஷயமும் தெரிஞ்சுரும், உங்க ஊர்ல மக் போகுதா டி-ஷர்ட் போகுதா, ஒத்த பீஸ் கேக்கறாங்களா அம்பது பீஸ் கேக்கறாங்களான்னு. மெஷின் எதுன்னு அதுதான் சொல்லும், யூடியூப் சொல்லாது.

ஃபைலும் தமிழ் எழுத்தும்

இந்தத் தொழில்ல சண்டை வர்றது முக்கால்வாசி இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

கஸ்டமர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவாரு. வாட்ஸ்அப் அதைச் சுருக்கி பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்ஸல் அளவுக்குக் கொண்டு வந்துரும். நல்ல பிரிண்டுக்கு இஞ்சுக்கு 300 பிக்ஸல்னு வெச்சுக்கிட்டா 1600ங்கறது அஞ்சே கால் இஞ்ச்தான். மக்ல சுத்தி அடிக்கற டிசைனே சுமார் 8 இஞ்ச் நீளம், அதுக்கே 2400 பிக்ஸல் வேணும், டி-ஷர்ட்ல 12 இஞ்ச் அகலம்னா 3600. அதனால "அந்த போட்டோவையே டாக்குமென்ட்டா அனுப்புங்க"ன்னு ஒரு மெசேஜை ரெடியா டைப் பண்ணி வெச்சுக்கோங்க, தினமும் தேவைப்படும். ஃபேஸ்புக்லேர்ந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினா அதை வெச்சு அடிக்க முடியாதுன்னு முதல்லயே சொல்லிருங்க. மங்கலா வந்தா பரவாயில்லைம்பாங்க, வந்தப்புறம் பரவாயில்லைன்னு சொன்னவங்களை நான் இன்னும் பாக்கலை.

கலர் விஷயமும் அப்படித்தான். போன் ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியற நியான் பச்சையும் ராயல் ப்ளூவும் இங்க்ல அதே மாதிரி வராது, ஸ்க்ரீன் வெளிச்சத்துல காட்டுது, இங்க்குக்கு வெளிச்சம் கிடையாது. கட்சிக் கலர், கம்பெனி லோகோ கலர்ல கறாரா இருப்பாங்கன்னு தெரிஞ்சா ஒரு சின்னத் துணியில அடிச்சுக் காட்டிட்டு மேல போங்க.

இப்ப தமிழ் எழுத்து. கோயில் கமிட்டிக்காரர் பழைய பிரஸ்ல போட்ட நோட்டீஸ் ஃபைலை அப்படியே அனுப்புவாரு, திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் செமிகோலனுமா கொட்டிக் கிடக்கும். அது பாமினி, வானவில், செந்தமிழ் மாதிரி பழைய ஃபான்ட்டுல அடிச்சது, இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துல தமிழ் எழுத்தை உக்கார வெச்ச ஃபான்ட்டுங்க, அந்த ஃபான்ட் உங்க சிஸ்டத்துல இல்லைன்னா அவ்ளோதான். அதுக்கு நேர்மாறா, போன்ல டைப் பண்ணி வர்ற யூனிகோட் தமிழை, டிசைன் பண்ற சாஃப்ட்வேரான கோரல் டிராவோட பழைய வெர்ஷன்ல ஒட்டினா 'க'வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு பின்னாடி போய் நிக்கும், கோயில்னு அடிச்சது வாசிக்கவே முடியாம வரும். ரெண்டு வழி இருக்கு. கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடைப் பழைய ஃபான்ட் எழுத்தா மாத்தி அடிக்கலாம், இல்லைன்னா யூனிகோடைச் சரியாக் காட்டற புது வெர்ஷனுக்குப் போயிடலாம். போட்டோஷாப்னா டைப் செட்டிங்ல வேர்ல்டு-ரெடி லேஅவுட்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டாத்தான் தமிழ் உருப்படியா வரும். எழுத்து சரியா வந்ததும் ஜாப்வொர்க்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கண்டிப்பா கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா, மாத்திருங்க, கோரல்ல கன்ட்ரோல் க்யூ. மாத்தாம அனுப்பினா அங்க அந்த ஃபான்ட் இருக்காது, அவன் சிஸ்டம் வேற ஏதாவது ஃபான்ட்டைப் போட்டு அடிச்சு அனுப்பிரும், கேட்டா "ஃபைல் அப்படித்தாங்க இருந்துச்சு"ம்பான், அவன் சொல்றதும் சரிதான். வினைல் கட்டிங்னா இன்னொரு வேலை, ஒட்டி நிக்கற எழுத்துகளை வெல்டு பண்ணி ஒண்ணாக்கணும், இல்லைன்னா எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல பிளேடு குறுக்க வெட்டிட்டுப் போயிடும்.

எழுத்துப்பிழை பத்தி ஒரு சொந்தக் கதை. ஒரு கோயில் நோம்பிக்கு 60 டி-ஷர்ட். மாரியம்மன்ல ஒரு 'ய' விட்டுப் போய் "மாரிம்மன்"னு இருந்துச்சு. நானும் பாத்தேன், கமிட்டிக்கு அனுப்பி அவங்களும் பாத்தாங்க, ஓகே போட்டாங்க, யார் கண்ணுலயும் படலை, ஏன்னா நமக்குத் தெரிஞ்ச பேரை நாம படிக்கறதே இல்லை, மனசு தானா நிரப்பிக்குது. 60 பீஸும் அடிச்சு முடிச்சு மடிக்கும்போது எங்கம்மா பாத்தாங்க. பாதி நஷ்டம் நான், பாதி அவங்க, பேச்சு வார்த்தை கொஞ்சம் கசப்பாத்தான் முடிஞ்சுது. அதுலேர்ந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், அடிக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல ரெண்டாவது படிக்கற பாப்பாவைக் கூப்பிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்றது. சின்னப் பிள்ளைங்க இருக்கறதைத்தான் படிக்கும். ஒரு மிட்டாய்ல முடியற புரூஃப் ரீடிங். (வாழ்த்துக்களா வாழ்த்துகளான்னு மட்டும் அதுகிட்ட கேக்க முடியாது, அதுக்குக் கஸ்டமர் எழுதிக் குடுத்ததை அப்படியே போட்டுட்டு வாயை மூடிட்டு இருக்கறதுதான் நல்லது.)

ஃபைனல் டிசைன், சைஸ் லிஸ்ட், கலர், டெலிவரி தேதி எல்லாத்தையும் ஒரே மெசேஜாப் போட்டு "ஓகே"ன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. போன்ல சொன்ன ஓகே ஓகே இல்லை. குரூப் ஆர்டர்ல ஒருத்தர் மட்டும்தான் பேசணும்னு சொல்லிருங்க, இல்லாட்டி முப்பது பேர் முப்பது சைஸ் மாத்துவாங்க. சைஸும் எம், எல்னு வாங்காதீங்க, ஒவ்வொரு பனியன் கம்பெனிக்கும் எம் வேற வேற, நெஞ்சளவு இஞ்ச் கணக்குல 38, 40, 42ன்னு வாங்குங்க.

ரேட் போடறது

புதுசா வர்றவங்க போடற கணக்கு எப்படின்னா, டி-ஷர்ட் 170, பிரிண்ட் 30, மொத்தம் 200, மேல 50 வெச்சு 250. முப்பது பீஸ் ஆர்டர், 1500 ரூபா லாபம்னு சந்தோஷம். இதையே முழுசா எழுதிப் பாருங்க. எண்ணெல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான். வேஸ்ட்டாப் போனா மாத்தறதுக்கு ரெண்டு பீஸ் கூட எடுத்து 32 டி-ஷர்ட் 5440, ஃபிலிம் மூணு மீட்டர் 900, ரெண்டு பார்சலுக்கும் சேத்து 350, கவர் 120, கரண்ட் அது இதுன்னு 150. ஆக 6960. வர்றது 7500, கையில நிக்கறது 540. டிசைன் மூணு மணி நேரம், பிரஸ் பண்ணி மடிச்சு பேக் பண்ண மூணு மணி நேரம், ஆறு மணி நேரத்துக்கு 540னா மணிக்கு 90 ரூபா. போன்ல பேசின நேரம் இதுல சேக்கவே இல்லை. அதுக்கு ஏதாவது பனியன் கம்பெனிக்கே ஷிஃப்ட்டுக்குப் போயிடலாம். அதே ஆர்டரை 330க்குப் பேசியிருந்தா 9900, நம்ம ஆறு மணி நேரத்துக்கு மணிக்கு 120ன்னு 720 எடுத்துக்கிட்டது போக 2220 நிக்கும், அதுதான் நாளைக்கு மெஷின் வாங்கற காசு.

ஃபிலிம்ல மிச்சம் பிடிக்கற வித்தையைக் கத்துக்கோங்க. டிடிஎஃப் ரோல்ல அச்சு விழற அகலம் 22 இஞ்ச்னு வெச்சுக்கோங்க, ஒரு மீட்டர்னா 39 இஞ்ச் சொச்சம் நீளம். 8க்கு 11 இஞ்ச் டிசைனை அடுக்கினா வரிசைக்கு ரெண்டு, மூணு வரிசை, மொத்தம் 6 தான் வரும். அதையே 7க்கு ஒன்பதரையாச் சுருக்கினா வரிசைக்கு மூணு, நாலு வரிசை, 12 வரும். ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் குறைச்சதை டி-ஷர்ட் போடறவங்க யாரும் கவனிக்கப் போறதில்லை, செலவு பாதியாயிடும். சுருக்க முடியாத டிசைன்னா பக்கவாட்டுல மிஞ்சற இடத்துல பாக்கெட் லோகோ, உங்க கடை பேர் எல்லாத்தையும் நிரப்பிக்கோங்க, காசு குடுத்த ஃபிலிம்தானே.

அட்வான்ஸ் பாதி வாங்காம துணி எடுக்காதீங்க, சொந்தக்காரங்களா இருந்தாலும். சொந்தக்காரங்கன்னா முழுசா வாங்குங்க. மாரியம்மன் பேர் போட்ட டி-ஷர்ட்டை அந்தக் கமிட்டியை விட்டா வேற யாருக்கும் விக்க முடியாது, இந்தத் தொழிலோட ஆபத்தே அதுதான்.

இப்ப மெஷின்

பத்து ஆர்டர் முடிஞ்சிருச்சா, முதல்ல வாங்க வேண்டியது பிரிண்டர் இல்லைங்க, ஹீட் பிரஸ். 15க்கு 15 இஞ்ச் தட்டு இருக்கறது போதும். ஃபிலிமை ஜாப்வொர்க்ல மீட்டர் கணக்குல வாங்கி வெச்சுட்டு வீட்டுலயே அமுக்கிக்கலாம், ஹீட் பிரஸ் ஒரு மாசம் சும்மா கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது, அடைக்கறதுக்கு அதுல ஹெட்டே இல்லை. வாங்கும்போது தட்டு முழுக்க ஒரே சூடு வருதான்னு நாலு மூலையிலயும் நடுவுலயும் பாத்து வாங்குங்க, மூலையில சூடு கம்மியா இருந்தா அந்த இடத்துல பிரிண்ட் உரிஞ்சு வரும். வீட்டு வயரிங் தாங்குமான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாத்துட்டு 15 ஆம்ப் பிளக்ல தனி லைன்ல போடுங்க, ஃபிரிட்ஜ் இருக்கற லைன்ல போடாதீங்க.

அடுத்தது, மக், போட்டோ ஃப்ரேம், ஜெர்ஸின்னு வாரா வாரம் வருதுன்னா சப்ளிமேஷன் பிரிண்டர். எல்லாரும் எப்சன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, அதோட ஹெட்டு இங்க்கை சூடு பண்ணாம அதிர்வுல தள்ளுது, கேனானும் ஹெச்பியும் இங்க்ஜெட்ல சூட்டுல தள்ளுற முறை, சப்ளிமேஷன் இங்க்குக்கு சூடுன்னாலே வேலை ஆரம்பிச்சுரும். சாதா இங்க் டேங்க் பிரிண்டர்ல சப்ளிமேஷன் இங்க் ஊத்தினா வாரண்டி கேக்க முடியாது, அது தெரிஞ்சு ஊத்துங்க, சாதா இங்க் ஊத்தி ஓட்டின பிரிண்டர்ல மாத்தி ஊத்தாதீங்க. வேலை இருக்கோ இல்லையோ ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு கலர் பேஜ் எடுங்க, என் கதைதான் மேலயே இருக்கே.

டிடிஎஃப் பிரிண்டர் எப்பன்னா, ஜாப்வொர்க்குக்கு தினமும் மீட்டர் கணக்குல காசு போகும்போது. அதுல வெள்ளை இங்க்ல இருக்கற டைட்டானியம் டை ஆக்ஸைடு கனமான பொடி, சும்மா விட்டா அடியில படிஞ்சு ஹெட்டை அடைச்சுரும், தினமும் ஓடியே ஆகணும். பவுடர் சூடாகும்போது புகையும் வரும், படுக்கற ரூம்ல வைக்கற சாமான் இல்லை. மத்தவங்களுக்கு ஜாப்வொர்க் பண்ணிக் குடுக்கற அளவுக்கு வேலை இருந்தா வாங்குங்க, இல்லைன்னா வாங்கினவன்கிட்ட அடிச்சுக்கோங்க.

முதல் வாரம் நடக்கப் போறது

மிரர் பண்ண மறந்து சப்ளிமேஷன் அடிப்பீங்க, பேர் கண்ணாடில பாத்த மாதிரி வரும். எல்லாருக்கும் ஒரு மக் இப்படிப் போகும், அந்த மக்ல டீ குடிச்சுக்கோங்க. சப்ளிமேஷன் பேப்பர்ல பிரிண்ட் மங்கலா, கருப்பு சாம்பலா வரும், பயந்து இங்க்கைக் குறை சொல்லாதீங்க, சூடு பட்டதும்தான் கலர் திறக்கும். மக்குக்கு 180 டிகிரி, ரெண்டரை மூணு நிமிஷம்னு ஆரம்பிச்சு உங்க பிரஸ்ஸுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கணும், பாலியெஸ்டர் டி-ஷர்ட்டுக்கு 190லேர்ந்து 200 டிகிரி, 45லேர்ந்து 60 செகண்ட், டிடிஎஃப்க்கு 150லேர்ந்து 160 டிகிரி, 10லேர்ந்து 15 செகண்ட். ஃபிலிமை சூட்டோட உரிக்கறதா ஆற விட்டு உரிக்கறதான்னு ஃபிலிம் குடுத்தவங்களையே கேட்டுக்கோங்க, மாத்திச் செஞ்சா பாதி டிசைன் ஃபிலிமோட வந்துரும். உரிச்சப்புறம் மேல பட்டர் பேப்பர் வெச்சு இன்னொரு தடவை பத்து செகண்ட் அமுக்குங்க, இதைச் செய்யாதவங்க பிரிண்ட்தான் சீக்கிரம் வெடிக்குது.

மக்ல ஓரம் மட்டும் வெளுத்து வந்தா பிரஷர் சரியா விழலை. நிழல் மாதிரி ரெட்டையா வந்தா பேப்பர் நகந்திருக்கு, ஹீட் டேப்பை இறுக்கி ஒட்டுங்க. துணியில புள்ளி புள்ளியா நீலமா வந்தா பெரும்பாலும் தூசி இல்லைன்னா ஈரம், மழைக்காலத்துல துணி பேப்பர் ரெண்டுமே ஈரத்தை இழுத்து வெச்சிருக்கும், பிரிண்ட் வெக்கறதுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் வெறும் துணியை அமுக்கி ஆவியை வெளியேத்திருங்க. கருஞ்சிவப்பு பாலியெஸ்டர் ஜெர்ஸில டிடிஎஃப்ல வெள்ளை நம்பர் போட்டா ரெண்டு நாள்ல நம்பர் ரோஸ் கலர் ஆயிடும், துணியோட சாயம் ஏறி வந்துரும், அதனால கலர் பாலியெஸ்டர்னா முதல்ல ஒரு பீஸ் அடிச்சு ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க.

புதுத் துணி, புது ஃபிலிம், புது மக் எது வந்தாலும் ஒரு பீஸை நீங்களே துவைங்க. அஞ்சு வாஷ். அம்மா துவைக்கற மாதிரி கல்லுல அடிச்சுத் துவைங்க, கஸ்டமர் வீட்டுலயும் அப்படித்தான் துவைப்பாங்க, உள்பக்கம் திருப்பி லேசா அலசணும்னு கார்டுல எழுதிக் குடுத்தாலும் யாரும் படிக்கறதில்லை.

அடிக்கக் கூடாதது

நடிகர் படம் போட்ட டி-ஷர்ட் ரசிகர் மன்றத்துக்கு நூறு பீஸ்னு ஆர்டர் வரும், எல்லாரும் அடிக்கறாங்கதான், ஆனா ஸ்டாக் போட்டு ஆன்லைன்ல விக்கற வேலைக்குப் போகாதீங்க. ரஜினிகாந்த் போட்ட வழக்குல 2015ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே அவர் பேரையும் உருவத்தையும் அனுமதி இல்லாம உபயோகிக்கக் கூடாதுன்னு தடை குடுத்திருக்கு. கார்ட்டூன் பொம்மை, கிரிக்கெட் டீம் லோகோ, பிராண்ட் லோகோ இதெல்லாம் காப்பிரைட், டிரேட்மார்க் விவகாரம், "கஸ்டமர்தான் குடுத்தாரு"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆகஸ்ட் 15 வந்தா தேசியக் கொடி போட்டு டி-ஷர்ட் கேப்பாங்க. இது நிறையப் பேருக்குத் தெரியறதில்லை, 1971ல வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்துல உடைத்துணி, குஷன், கர்ச்சீப்ல கொடியை அச்சடிக்கறதும் எம்பிராய்டரி போடறதும் குத்தமாத்தான் வருது. மூணு கலர்ல வேற ஏதாவது டிசைன் பண்றது வேற, சக்கரத்தோட கொடியையே நெஞ்சுல அடிக்கறது வேற.

எலக்‌ஷன் நேரத்துல நோட்டீஸ், போஸ்டர் ஆர்டர் வந்தா இன்னும் ஜாக்கிரதை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி அச்சடிச்சவர், வெளியிட்டவர் ரெண்டு பேரோட பேரும் விலாசமும் அதுல இருக்கணும், வெளியிடறவர்கிட்ட ரெண்டு சாட்சி போட்ட உறுதிமொழி வாங்கணும், மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், 2000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும். அவசரம் அண்ணே, பேர் போடாம அடிங்கன்னு சொல்றவரோட ஆர்டர் வேண்டாம்.

பேப்பர் வேலை

சின்னத் தொழில்னு பதிவு பண்ற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் அரசாங்க போர்ட்டல்ல இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தா நீங்களே பண்ணிக்கலாம், ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்கற போலி சைட்டுங்க கூகுள்ல மேல வந்து நிக்கும், ஏமாறாதீங்க. முத்ரா கடன்ல சிசுங்கற பிரிவுல 50,000 வரைக்கும் அடமானம் இல்லாமக் கேக்கலாம், ஹீட் பிரஸ்ஸும் மக் பிரஸ்ஸும் வாங்க அது போதும், ஆனா பேங்க்ல மேனேஜர் முதல்ல கேக்கறதும் நான் கேட்ட அதே கேள்விதான், ஆர்டர் இருக்கா? பத்து ஆர்டரோட வாட்ஸ்அப் மெசேஜையும் பணம் வந்த ஸ்டேட்மென்ட்டையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க.

ஜிஎஸ்டி பொருள் விக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டினாத்தான், சர்வீஸ்னா 20 லட்சம், ஆனா வெளி மாநிலத்துக்குப் பொருள் வித்தா இந்த வரம்பு உங்களைக் காப்பாத்தாது. 2025 செப்டம்பர் 22லேர்ந்து ரெடிமேட் துணிக்கு பீஸ் 2500 ரூபா வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. நீங்க துணி வாங்கி அடிச்சு விக்கறதும், கஸ்டமர் குடுத்த துணியில கூலிக்கு அடிக்கறதும் கணக்குல வேற வேற, கம்பெனி ஆர்டர் வர ஆரம்பிச்சதும் ஒரு ஆடிட்டரைப் பாத்துருங்க, கம்பெனிக்காரங்க பில் இல்லாம வாங்க மாட்டாங்க.

டெலிவரி குடுக்கும்போது மொத்தமா ஒரு மூட்டையாக் கட்டிக் குடுக்காதீங்க. சைஸ் வாரியா அடுக்கி, கவர் மேல 38-6, 40-11ன்னு மார்க்கர்ல எழுதி, வாங்க வந்தவர் முன்னாடி எண்ணி, எண்ணினதை போன்ல ஒரு வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிருங்க. ராத்திரி பத்து மணிக்கு "அண்ணா, ஒரு எக்ஸெல் குறையுது"ன்னு போன் வரும், அப்ப தெரியும் எதுக்குச் சொன்னேன்னு.